மேற்கே ஒரு வீடு (3): தங்கம் தீர்ந்த ஊரில் வாடகை என்ன?

நசரத்பேட்டையில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள். வெளிவட்டச் சாலை ஊர் வாசலிலேயே இருக்கிறது. கலங்கரை விளக்கத்தில் கிளம்பும் மெட்ரோ பாதை பூந்தமல்லி பைபாஸில்தான் வந்து முடிகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஒரே பஸ். மூன்றும் பொய்யில்லை. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பலாமா என்று யோசிப்பதற்கும் அதே மூன்றுதான் காரணம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையை எங்கள் ஊரில் கடக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரி இரண்டு மணிக்கு கியர் மாற்றுவதைப் படுக்கையிலிருந்தே எண்ணலாம். மெட்ரோ என்ற பேச்சு எழுந்ததிலிருந்து வாடகை ஒவ்வொரு தை மாதமும் ஒரு படி ஏறுகிறது. கம்பெனி பஸ் எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். ஸ்டோர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவனுக்கு இருங்காட்டுக்கோட்டை பக்கமா தூரமா என்பதில் என்ன இருக்கிறது?

அதனால்தான் இந்தத் தொடரே. சொந்த வீடு இல்லாத ஒரு குடும்பம், நசரத்பேட்டையிலிருந்து மேற்கே அதே நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு, குறைந்த வாடகையில் மிச்ச காலத்தைக் கழிக்க ஓர் ஊர் தேடுகிறது. முதல் பகுதியில் ராணிப்பேட்டை. 1995இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கே குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். போன பகுதியில் பேரணாம்பட்டு. அங்கிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி, வி.கோட்டா வழியாக ஆந்திராவின் ஒரு மூலையைக் கடந்தால் கர்நாடகம் வந்துவிடுகிறது. கைப்பேசி தெலுங்கில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை வரவேற்றது. பேத்தமங்கலா தாண்டியதும் அடிவானத்தில் சாம்பல் வெள்ளையில் மொட்டை மேடுகள் தெரிந்தன. மலை என்றுதான் முதலில் நினைப்போம். உச்சி அத்தனை தட்டையாக இருக்கும்போதுதான் மனிதன் கொட்டியது என்று தெரிகிறது.

கோலார் தங்கவயல். உள்ளூரில் கே.ஜி.எஃப். என் மனைவி பிறந்த ஊர்.

யோசனை என்னுடையது, அவளுடையது அல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம், சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படும், தெருவெல்லாம் தமிழ், மனைவியின் சொந்தங்கள் பக்கத்தில், வாடகை நாங்கள் கொடுப்பதில் பாதிக்கும் கீழே. இதையெல்லாம் நான் அடுக்கியபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "எங்கப்பா இருமுனத நீங்க கேட்டதில்ல."

ஊருக்குள் எங்களைக் கூட்டிப்போனவர் அவளுடைய தாய்மாமா. மாரிக்குப்பத்தில் லைன் வீட்டில் இருக்கிறார். சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். "வாங்க மாப்ள. வேலைக்கு வர்றவன் யாரும் இல்லாத ஊருக்கு நீங்க குடி வர்றேன்னீங்களாமே" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றார். அவருடைய பஜாஜ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்த ஊரை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1870களில் லவேல் என்ற ஐரிஷ்காரர் இங்கே தோண்ட உரிமம் வாங்கினார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பழங்காலத்தார் மேலாகக் கிளறிவிட்டுப் போன பள்ளங்களின் அடியில் இறங்கிப் பார்த்தவர்களுக்குச் சாம்பியன் ரீஃப் என்னும் தங்க நரம்பு கிடைத்தது. 1902இல் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். அதற்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் வடஆற்காடு, சித்தூர் கிராமங்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் கூலியும் இல்லை மரியாதையும் இல்லை என்று கிளம்பியவர்களுக்கு, பாதாளத்தில் கூலியாவது கிடைத்தது.

மரியாதையை அவர்களே சம்பாதித்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. தமிழ்ப் பௌத்த இயக்கத்தை முன்னெடுத்த அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' இதழை மும்முரமாக வாசித்த ஊர்களில் தங்கவயலும் ஒன்று. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அவர் 1914இல் மறைந்த பிறகு, 'தமிழன்' 1926இல் இங்கிருந்துதான் ஜி. அப்பாதுரையாரின் கையில் மறுபடி உயிர் பெற்றது. சாம்பியன் ரீஃப்ஸிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்துகளை அச்சிட்டு வைக்காமல் போயிருந்தால், பிற்காலத்தில் அவரைத் தேடியவர்களின் கைக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை. கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரனையும் அண்ணா தி.மு.க.வின் எம். பக்தவத்சலத்தையும் அனுப்பிய தொகுதி இது. 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் டாடா ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து குழுக்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டார்கள். ஒரு சிற்றூருக்கு இது அதிகப்படியான வரலாறு. வரலாறு வாடகையைக் குறைக்காது என்றாலும் மாலை நேரத்துப் பேச்சுக்கு ஆள் கிடைக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

1956இல் மைசூர் அரசு, 1962இல் மத்திய அரசு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நூற்றிருபது வருடத்தில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்தது. கடைசியில் மூன்று கிராமைத் தொடுவதற்கே மூச்சு வாங்கியது. எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. இன்றைய தங்க விலையைச் சொல்லி, "இப்ப தொறந்தா லாபம்தானே மாமா?" என்று கேட்டேன். "ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் தொறக்கறாங்க மாப்ள. ரிசல்ட் வந்தா மூடிடறாங்க" என்றார்.

ஊர் அழகுதான். ராபர்ட்சன்பேட்டை பிளேக்குக்குப் பின் திட்டமிட்டுக் கட்டிய ஊர். தெருக்கள் நேர்கோட்டில் ஓடிச் செங்கோணத்தில் வெட்டுகின்றன. நசரத்பேட்டையில் எந்தச் சந்து எங்கே முடியும் என்பதை அங்கேயே பிறந்தவர்தான் சொல்ல முடியும். ஊர்காம் பக்கம் வெள்ளைக்காரர் பங்களாக்களின் ஓட்டுக் கூரைகள், கிளப், கோல்ஃப் மைதானம். மாரிக்குப்பம் பக்கம் லைன் வீடுகள்: ஒரே சுவரில் வரிசையாக, ஒருவர் வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டுக்கு மணக்கும். மாதா கோயில், புத்த விகாரம், மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். துருப்பிடித்த சக்கரத்தோடு சுரங்க ஷாஃப்ட் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தைக் காட்டி, "இதுலதான் நாங்க எறங்குவோம்" என்றார் மாமா. கூண்டு இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கிக்கொண்டே போக வேண்டும் என்றார்.

லைன் வீடுகளைப் பற்றிக் கேட்டபோது பத்திரத்தைப் பற்றி யாரும் உறுதியாகப் பேசவில்லை. நிலம் கம்பெனியுடையது என்கிறார்கள். குடியிருக்கிறவர் தன்னுடையது என்கிறார். வாங்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை: வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது போகாதீர்கள். எங்களுக்கு வாங்கும் எண்ணம் இல்லாததால் ராபர்ட்சன்பேட்டையில் வாடகை வீடுகள் பார்த்தோம். கிணற்றோடும் கொய்யா மரத்தோடும் ஒரு வீட்டின் தனிப்பகுதி. பிடித்திருந்தது. மனைவிக்கும், ஒப்புக்கொள்ளாவிட்டாலும், பிடித்திருந்தது. சமையலறை ஜன்னலை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

மாநில எல்லை தாண்டுவதன் கணக்கை அன்று ராத்திரி போட்டோம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு 100 யூனிட் இலவசம்; இங்கே வாடகைக்காரருக்கும் 200 யூனிட் வரை உண்டு. பெண்களுக்கு அரசு பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி அட்டை வேண்டும். ரேஷன் கார்டு போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எல்லையோடு நின்றுவிடும். இதுதான் கனமான இழப்பு. நசரத்பேட்டையில் நெஞ்சு வலித்தால் பனிமலர் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, போரூர் ராமச்சந்திரா இருக்கிறது. இங்கே கம்பெனி ஆஸ்பத்திரி கம்பெனியோடு போயிற்று. பெரிய வைத்தியம் என்றால் கோலாரில் ஜாலப்பா, அல்லது வந்த வழியே வேலூர் சி.எம்.சி.

இவ்வளவும் தாங்கக்கூடிய கணக்குதான். என்னை யோசிக்க வைத்தது வேறு.

பகலில் ஊர் அத்தனை அமைதியாக இருந்தது. கடைத்தெருவில் கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள், தையல் மெஷின் சத்தம். நான் தேடி வந்தது இதைத்தான் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுப்பி மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்து வரும் 16 கிலோமீட்டர் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன். தங்கத்துக்காக 1894இல் போட்டது. பிளாட்பாரம் முழுக்க ஆள். பையில் டிபன் டப்பா, கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் பாட்டு. ரயில் கிளம்புவதற்கு முன்பே உட்கார இடமில்லை. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்னும் ஏறுவார்கள். பெங்களூர் நூறு கிலோமீட்டர். கடைகளில், ஐ.டி. கம்பெனிக் கட்டடங்களில், கட்டட வேலையில், ஆஸ்பத்திரிகளில் வேலை. திரும்பி வர ராத்திரி ஒன்பது, பத்து.

"ஊருல இருக்கறவன்லாம் இதுல ஏறிட்டான் மாப்ள. அப்பறம் ஊரு அமைதியா இல்லாம எப்படி இருக்கும்?"

மூடிய தொழிற்சாலை ஊர் என்றால் வேலை நின்றுபோன ஊர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலை நிற்கவில்லை; நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. பெமல் ஆலை இன்னும் நடக்கிறது என்றாலும் அது எத்தனை பேருக்குப் போதும்? தங்கவயல் இன்று பெங்களூரின் நசரத்பேட்டை. எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அதே பிள்ளைகள், இங்கே அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்து நிற்கிறார்கள். 262 கிலோமீட்டர் சென்னை–பெங்களூர் விரைவுச் சாலை முழுவதும் திறந்தால், அதன் ஒரு முனை எங்கள் ஸ்ரீபெரும்புதூர், பேத்தமங்கலா வழியில். தரகர்கள் அப்போது இங்கேயும் மூன்று விஷயம் சொல்வார்கள்.

அடுத்தது சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய மண். மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். 'கே.ஜி.எஃப்' படத்துக்கு இங்கே செட் போட்டதிலிருந்து பெங்களூர்ப் பையன்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேட்டில் ஒட்டியிருக்கும் மிச்சத் தங்கத்தை எடுக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாமாவுக்கு அதில் வேலை வரும் என்ற நம்பிக்கை, பேரன் படித்திருக்கிறான். எனக்கு அந்த மூன்று கோடி டன்னைக் கிளறினால் எவ்வளவு பறக்கும் என்ற கவலை. கிளறாமலே ஆடி மாதம் பறக்கிறது. "காத்து திரும்பிச்சுன்னா சோத்துல நறநறங்கும்" என்றாள் மனைவி. அது சிலிக்காத் தூள். அவள் அப்பாவின் நுரையீரலில் தங்கியதும் அதுதான். அவர் அதை பூமிக்கடியில் சுவாசித்தார், இவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சுவாசிக்கிறார்கள்.

நாங்கள் வந்தது மாசியில். காற்று அசையாத, குளிர் விடாத, வீடு பார்க்கத் தோதான மாதம். வீட்டுக்காரர்கள் மாசியில் வீடு காட்டுவார்கள், ஆடியில் காட்டமாட்டார்கள் என்று மாமா சொன்னபோது மனைவி என்னைப் பார்த்தாள்.

கொய்யா மரத்து வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஆடி மாதம் மட்டும் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு மாத வாடகைக்கு யார் தருவார்கள் என்றார். இரண்டு மாதப் பணம் கொடுத்தால் பார்க்கலாம் என்று பிறகு இறங்கி வந்தார். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து முப்பது நாள் இருந்து பார்ப்போம். மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: தினமும் சாயங்காலம் ஜன்னல் கட்டையைத் துடைக்கிற வேலை என்னுடையது.

அடுத்த பகுதியில் பேத்தமங்கலா: இந்த ஊருக்குக் குடிநீர் கொடுப்பதற்காகப் பாலாற்றை மறித்த இடம். வேலூரில் மணலாகக் கிடக்கும் ஆற்றைத் தண்ணீரோடு பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.