தேறும் ஒலி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலின் சாயரட்சை மேளத்தைப் பதிவு செய்ய வருகிறவர்கள் நேராகத் தவில்காரர் பக்கத்தில் போய் நிற்பார்கள். நான் பிராகாரத் திருப்பத்துக்குத் தள்ளி வரச் சொல்வேன். நாகஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கான வாத்தியங்கள். கல் மண்டபத்துக்குள் அவற்றின் ஓசை தூண்களில் மோதித் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தீர்மானம் விழும் இடத்தில்கூட அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் தாழ்வாக எடுத்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உச்சத்தில் முட்டி உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. அதனால், பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட என்னிடம் தேர்வுக்கு வரும் எந்தக் கோப்பிலும் நான் முதலில் கேட்பது அதன் மிகச் சத்தமான இடத்தைத்தான்.

அடுத்தது இரைச்சல். பறவைக் குரல்களுக்கு ஸெனோ-கான்டோ என்ற தளம் 2005 முதல் இயங்குகிறது. தெளிவைப் பொறுத்து ஏ முதல் இ வரை தரம் போடுவார்கள். செண்பகத்தோப்புக் காட்டில் ஒரு குருவியை அடையாளம் காண அந்த அளவுகோல் போதும். கோயிலுக்குப் போதாது. திருப்பாவை கோஷ்டியின் நடுவே குழந்தை அழுவதும் மணி அடிப்பதும் அந்த இடத்துக்கு உரியவை. மைக்கில் காற்று அறைவதும், கருவியைப் பிடித்த விரல் உரசுவதும், பதிவு செய்தவரின் கைபேசி அலறுவதும் உரியவை அல்ல. இவற்றை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டி, குரல்களெல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆக்கி அனுப்புகிறார்கள். அப்படி வந்ததை நான் தேர்ந்தெடுப்பதே இல்லை. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவேன்.

உண்மையில் கடினமான வேலை உரிமத்தில் இருக்கிறது. விக்கிமீடியா பொதுவகம் போன்ற இடத்தில் ஏற்கப்பட வேண்டுமானால், யாரும் அந்த ஒலியை எடுத்து மாற்றலாம், விற்கலாம் என்ற அனுமதி வேண்டும். ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் அங்கே இடமில்லை. ஸெனோ-கான்டோவின் பெரும்பாலான பதிவுகள் இதனாலேயே வெளியே நிற்கின்றன. ஆண்டாள் பாசுரங்கள் எல்லோருக்கும் சொந்தம். ஆனால் கச்சேரி மேடைகளில் திருப்பாவைக்குப் பரவலாகக் கேட்கும் மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. அவர் மறைந்தது 1967-இல். நம் சட்டம் இசையமைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை தருகிறது. அந்தக் கணக்கில் 2027 முடியும்வரை காத்திருக்க வேண்டும். கோஷ்டியார் பரம்பரையாகச் சொல்லிவரும் ஓசைக்கு இந்தத் தடை கிடையாது. மார்கழி விடியலில் தொலைவில் ஒரு குழாய் ஒலிபெருக்கி யாரோ விற்ற பக்திப் பாடலைப் போட்டால், எவ்வளவு அருமையான பதிவானாலும் சிக்கல்தான். அந்தப் பாட்டு தெளிவாகக் கேட்கும் பகுதியை வெட்டிவிடச் சொல்வேன்.

வாசித்தவரின் சம்மதத்தில் நான் தளர்வு காட்டுவதே கிடையாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், தன் பெயர் சொல்லப்பட வேண்டும், தன் இசை சிதைக்கப்படக் கூடாது என்று கேட்கும் உரிமையைக் கலைஞருக்குக் கொடுத்திருக்கிறது. “அண்ணே, நாளைக்கு ஒரு சினிமாக்காரர் இதை எடுத்துப் போட்டுக் காசு பார்க்கலாம், உங்களுக்கு ஒண்ணும் வராது, சரியா?” என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். பலர் இந்த வரியை விழுங்கிவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். அது ஏமாற்று. அவர் வேண்டாமென்றால் பதிவை அவர் கண்முன்னே அழித்துவிடலாம்.

அருமையான பொருளாக இருந்தால் இரைச்சலை மன்னிப்பேன். தமிழ்நாட்டில் அரையர் சேவை நிலைத்திருப்பது ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விரல்விட்டு எண்ணும் தலங்களில். அரையர் தாளத்தோடு பாசுரம் இசைக்கும் பதிவு முறையான சம்மதத்தோடு கிடைத்தால், பின்னால் மின்விசிறி ஓடினாலும் எனக்கு அது முதல் வரிசைதான். இங்கே பூசை முடிந்த செய்தியை மதுரைவரை நகரா மண்டபங்களின் முரசொலியால் அனுப்பச் செய்தார் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். கதை கையில் இருக்கிறது. அந்த முரசின் நடை எப்படி இருந்தது என்று கேட்க ஒரு பதிவும் கிடையாது.

இப்போது பல கோயில்களில் தானாக அடிக்கும் மோட்டார் மேளம் வந்துவிட்டது. உங்கள் ஊரில் கையால் வாசித்தவர் இன்னும் இருந்தால் இந்த மார்கழியிலேயே போய்க் கேளுங்கள். நல்ல கருவி இல்லையென்று தள்ளிப்போடாதீர்கள். வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலி ஒன்று, ஒலிப்பதிவு அளவைக் குறைத்த கைபேசி, காற்றுக்கு மறைவான தூண், இவை போதும். நாள், நேரம், சன்னதி, ராகம், வாசித்தவர் பெயர் இவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.