கம்ப்ரசரும் கைப்பம்பும்

டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் எல்லாத்துக்கும் ஆகும் என்று நினைத்தவன்தான் நானும்.

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய ஹோண்டா கோல்ட்விங் வந்தது. 1980-ல் வெளிவந்த ஜிஎல்1100 மாடல். முன் ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் காற்று. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். ஃபோர்க் வால்வில் கம்ப்ரசர் ஹோஸை வைத்து ஒரே அழுத்து! சீல் வழியாக ஆயில் வழிந்தது.

மேஸ்திரி திட்டவில்லை. (அதுதான் இன்னும் உறுத்துகிறது.) "தம்பி, உள்ளே ஒரு டம்ளர் அளவு காத்துதான் இருக்கு. அதுக்கு அம்மாம் பெரிய மிஷினா?" என்றார்.

ராத்திரி ரூமில் கணக்குப் போட்டேன். காற்றறை 200 சி.சி., ஹோஸும் கேஜும் 20 சி.சி. என்று வையுங்கள். 30 பி.எஸ்.ஐ. இருந்த காற்று, கேஜை மாட்டியதுமே 27 ஆகிவிடும். எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாயில் விதிதான்! டயரில் இந்த நஷ்டம் தெரியவே தெரியாது. அப்போ வேண்டியது சின்னக் கைப்பம்ப். ஒரு அடிக்குக் கொஞ்சம் காற்றே போகணும். கேஜ் பம்பிலேயே இருக்கணும். வால்வு மூடிய பிறகே தலை கழலணும்.

புது சீலுக்கு என் மெஸ் பணம் போயிற்று. மாட்டி முடித்ததும் மேஸ்திரி கைப்பம்பை என்னிடமே நீட்டினார். எண்ணி எண்ணி அடித்தேன்.