விலையில்லா மின்னூல்கள்

விலை கொடாமல் பெற்ற பொருளை எளிதாக எண்ணுவது உலக இயல்பு. இக்காலத்தில் நூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. கைப்பேசியை ஒருமுறை தொட்டால் போதும். மின்னூல் ஒன்று வந்து சேர்கிறது. இங்ஙனம் நூல்களைத் திரட்டி வைப்பதால் பயன் உண்டா? மாணவர்களே, இவ்வினாவை நான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு.

முற்காலத்தில் நூல் வேண்டியவர்கள் பனையோலையில் எழுத்தாணி கொண்டு படியெடுத்தார்கள். எழுதி முடிக்குமுன் நூலின் பெரும்பகுதி அவர்கள் நெஞ்சில் பதிந்துவிடும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். பல படிகளை ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அத்தகைய பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் அனைவர்க்கும் வழங்க, 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. பல நாடுகளில் வாழும் அன்பர்கள் ஊதியம் கருதாது தட்டச்சிட்டும், பிழை திருத்தியும் நூல்களை அளித்து வருகின்றனர். ஆகவே, இந்நூல்களுக்கு விலை இல்லையே அன்றி, இவற்றின் பின்னே உழைப்பு இல்லை என்று கூற இயலாது.

திரட்டுவதால் வரும் நன்மை ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அரிய ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் உள்ள நூலை ஒரு தீ அழித்துவிடும். பல்லாயிரவர் கையில் உள்ள நூலை அழிப்பது அரிது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை இம்முறையில் காத்து வருகிறது. எனவே, நூலைச் சேர்த்து வைப்பதும் ஒரு தொண்டே ஆகும்.

ஆயினும், காத்தல் வேறு, கற்றல் வேறு. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர். கைப்பேசியில் ஆயிரம் நூல்கள் உறங்கினால், அதனை உடையவன் அறிவு ஓர் அணுவும் வளராது. படியெடுத்த கை படித்தும் பழகியது. தொட்டுப் பெறும் விரலுக்கோ அப்பயிற்சி இல்லை. அப்பயிற்சியை நாமே முயன்று பெறுதல் வேண்டும்.

அதற்கு வழி எளிது. ஒரு நூலைப் படித்து முடித்த பின்னரே மற்றொன்றைப் பெறுக. பொருள் விளங்காத சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, அகராதியில் காண்க. மின்னூலில் தட்டச்சுப் பிழை நேர்வதுண்டு. ஐயம் எழுந்தால் நல்ல அச்சுப் பதிப்போடு ஒப்பிடுக. ஆசிரியர் தாமே வழங்கியனவும், அரசு நாட்டுடைமை ஆக்கியனவும், பதிப்புரிமைக் காலம் கடந்தனவும் ஆகிய நூல்களையே கொள்க. பிறர் உழைப்பைத் திருடிப் பரப்பும் படிகளை விலக்குக.

முதுமையால் கண்ணொளி குன்றிய எனக்கு, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மின்னூல் உற்ற துணையாக உள்ளது. கூரிய கண்ணும் நீண்ட காலமும் உடையவர்கள் நீங்கள். நீங்கள் சேர்த்த நூல்களுள் ஒன்றை இன்றே திறந்து, முதற்பக்கத்தைப் படியுங்கள்.