மேலே செய்வது யாது?

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, விடுதிச்சாலை நினைவுகளையே எழுத எண்ணினேன். ஆயின், அண்மையில் மாணவர் மன்றத்திற்குச் சென்றிருந்தவிடத்து, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, வெளிநாட்டிலே ஆங்கில ஆசிரியராயிருந்த தாங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?" என வினவினான். நேரமின்மையைக் காரணங்காட்டி அன்று தப்பிக்கொண்டேன். அவனுக்குரிய விடையை ஈண்டுத் தருகின்றேன்.

யான் பிறந்தது ஹட்டனையடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே. தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபம். ஐந்து வகுப்புகளுக்கும் ஓராசிரியர். அவரது முயற்சியாலேயே 1966ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து எமது கல்லூரியிற் சேர்ந்தேன்.

அக்காலத்தில், "மேலே செய்வது யாது?" என்ற கேள்வி எம் லயத்தின் ஒவ்வொரு காம்பிராவிலும் இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, நாடற்றவராயிருந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. என் தந்தையார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன்னரே பதிவு பெற்றிருந்தமையால் எமக்கு அக்கவலை இல்லை. சிற்றப்பா குடும்பத்தினரோ இந்தியாவுக்கு விண்ணப்பித்துச் சென்றனர். ஹட்டன் புகையிரத நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்ட இரவை மறவேன். அழுகைக் கோச்சி என எம்மவர் அதற்குப் பெயரிட்டது பொருத்தமே. தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி இராமேசுவரம் சென்றோர் பலர் பிறகு நீலகிரியிலும் தேயிலையே கொய்தனர்.

நிற்க. ஆங்கில ஆசிரியனாய்ப் பயிற்சி பெற்றுச் சிலகாலம் மலையகத்திற் கற்பித்தபின், 1981இல் நைஜீரியா சென்றேன். எண்ணெய் வளத்தால் அந்நாடு பாடசாலைகளைப் பெருக்கிய காலம் அது. இலங்கையிலிருந்து ஆசிரியர் பலர் அங்கு சென்றனர். கானோ நகருக்கு அப்பால் ஓர் இடைநிலைப் பாடசாலையிற் பணி கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் ஹமட்டான் காற்று பாலைவனத் தூசியைக் கொணர்ந்து கரும்பலகையையும் மூடிவிடும். மூடுபனியிற் பிறந்த எனக்கு அத்தூசிப் படலமும் ஒருவாறு பழகிப் போயிற்று.

1983 ஆடியில் நாட்டிலே நிகழ்ந்தவற்றை வானொலியிற் கேட்டபொழுது, திரும்பும் எண்ணமே அற்றுப் போயிற்று. ஆயின் 1986 செப்ரெம்பரில் நைறாவின் மதிப்பு சடுதியாக வீழ்ந்தது. வீட்டுக்கு அனுப்பிய பணம் பெரிதுஞ் சுருங்கிற்று. நண்பர் ஒருவர் பொட்ஸ்வானாவுக்கு வருமாறு எழுதினார். இன்னொருவர் இலண்டனிற் படிக்கலாம் என்றார். பொட்ஸ்வானாவுக்கு விண்ணப்பத்தை நிரப்பியும் வைத்துவிட்டேன்.

அந்நிலையில் அன்னையாரின் கடிதம் வந்தது. அடுத்த லயத்துச் சிறுவன் எழுதியது. அத்தானின் பிரசாவுரிமை விசாரணைக்காக ஒரு காரியாலயத்திலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்ததாம். படித்துச் சொல்லக்கூடிய கிளாக்கர் ஐயா விடுமுறையிற் சென்றிருந்தாராம். அவர் திரும்பிப் படித்தபொழுது, சமுகமளிக்க வேண்டிய நாள் கடந்து நான்கு நாளாயிற்றாம். "நீ இருந்திருந்தா படிச்சிருப்ப தம்பி" என்ற ஒரு வரிக்குமேல் அவர் என்னைக் குறை கூறவில்லை.

மறுநாள் வகுப்பிலே கடிதம் எழுதும் பாடம். காரியாலயக் கடிதமொன்றை வாசித்து மறுமொழி எழுதப் பழக்கினேன். ஹவுசா மொழி பேசும் அப்பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் அயல்மொழியே. ஒருவன் எழுந்து, "சேர், உங்கள் ஊரில் இதை யார் கற்பிக்கிறார்?" என்றான். விளையாட்டாகவே கேட்டான். என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

1987இல் திரும்பினேன். தமையனார் ஓராண்டு என்னோடு பேசவில்லை. வீடு கட்டும் எண்ணம் கைவிடப்பட்டது. ஒரு தோட்டப் பாடசாலையில், முன்னர் யான் படித்தது போன்ற மண்டபத்திலே, கற்பிக்கத் தொடங்கினேன். மாலையில் லயத்து வாசலில் இளைஞருக்குக் கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் பழக்கினேன். அத்தான் பிரசாவுரிமை பெற்றது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினாலன்றி என் ஆங்கிலத்தினாலன்று. இதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும், அதன்பின் எம் லயத்துக்கு வந்த எக்கடிதமும் வாசிப்பாரின்றிக் கிடந்ததில்லை. என்னிடம் படித்த பெண்பிள்ளைகள் இருவர் பின்னர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிற் பயின்று இன்று ஆசிரியைகளாய் உள்ளனர்.

மாணவ நண்ப, கடல் கடந்து செல்வோரைக் குறைகூற இதை எழுதினேனல்லேன். அவர்களது பொருளால் நம் கல்லூரி பெற்ற நன்மை சிறிதன்று. இலண்டன் சென்ற நண்பரின் வீட்டுப் படத்தைக் காணும்பொழுது எனக்கும் ஒரு கணம் மனம் சலிப்பதுண்டு. ஆயினும், மேலே செய்வது யாது என நீ தடுமாறும் நாளில், எங்கே ஊதியம் மிகுதி என்று கேட்பதோடு, நீ கற்றதற்காக எவர் காத்திருக்கின்றார் என்றும் கேட்டுப்பார். இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பின் நீ பாக்கியசாலி. எனக்கு அவ்வாறு கிடைக்கவில்லை, இரண்டாவதையே தெரிந்துகொண்டேன்.

வாழ்க எம் கல்லூரி.