பறம்பு மலையும் ஒரு போட்டோவும்

மதுரையிலிருந்து சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு தடவை போய் வாருங்கள். அடிவாரத்தில், சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் இருக்கிறது. மலையின் உச்சியில் ஒரு தர்கா. சங்க காலத்துப் பறம்பு மலை இதுதான் என்கிறார்கள். முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்தானே, அந்தப் பாரியின் மலை!

நானும் என் தம்பியும் குழந்தைகளோடு ஒரு பௌர்ணமியன்று போயிருந்தோம். தரிசனம் முடிந்து, கட்டுச்சாதமும் தீர்ந்த பிறகும் தம்பி கிளம்புகிற வழியாக இல்லை. மேற்குப் பக்கம் வயல் வரப்பில் காமிராவை வைத்துக்கொண்டு, மலைக்கு மேலே நிலா ஏறுகிற வரைக்கும் எங்களைக் கொசுக்கடியில் உட்கார வைத்துவிட்டான். ஆனால் படம் அருமையாக விழுந்தது. கீழே கரேலென்று மலை, மேலே வட்ட நிலா, வேறொன்றும் இல்லை.

கூடத்தில் அதை மாட்டி வைத்தேன். வந்தவர்களெல்லாம், "எந்த ஊர்? பஸ் வசதி உண்டா? கோயிலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்?" என்று கேட்டார்கள். அத்தோடு பேச்சு காபிக்குத் திரும்பிவிடும்.

ஒரு நாள் எனக்கு என்னவோ தோன்றியது. புறநானூற்றிலிருந்து 112-ஆம் பாட்டை ஒரு காகிதத்தில் எழுதிப் படத்தின் அடியில் ஒட்டினேன். பாரியின் பெண்கள் இருவரும் பாடியது. (அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பின்னால் வந்த பெயர்கள், பழம் பாட்டுகளில் அவர்களுக்குப் பெயரே கிடையாது!) ஐந்தே அடிகள்தான். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டுப் பாரி மாண்ட பிறகு பாடியது. அதில் இரண்டு பௌர்ணமிகள் வருகின்றன. முதல் பௌர்ணமிக்கு அப்பாவும் இருந்தார், மலையும் இருந்தது. அடுத்ததற்கு இரண்டும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். அழுதோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. உ. வே. சாமிநாதையர் 1894-இல் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த புத்தகத்தில், நானூறு பாட்டுகளுக்கு நடுவே இது அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

பாட்டை ஒட்டிய பிறகு யாரும் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. என் பெண்தான் முதலில் ஆரம்பித்தாள். "அம்மா, இதைப் பாடும்போது அவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டிலும் அது இல்லை. "மலைதான் போய்விட்டதே, மேலே எப்படி நிற்பார்கள்? மாமா நின்ற மாதிரி கீழேதான் நின்றிருப்பார்கள்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அப்புறம் படத்தைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி இருந்தது. அத்தனை நாளாக அது மலையின் படம். இப்போது, மலையை விட்டு இறங்கி வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற படம்!

அந்த மலையைத்தான் கபிலர் எப்படிக் கொண்டாடியிருக்கிறார்! உழவே வேண்டாமாம், மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் தாமாகவே கிடைக்குமாம். பாரியின் நாட்டில் முந்நூறு ஊர்கள். அத்தனையையும் அவன் பரிசிலர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டானாம். அப்படிப்பட்டவனுடைய பெண்களுக்குக் கபிலர் வரன் தேடி விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். இருவரும் மறுத்துவிட்டார்கள். கொடுத்தே பழகிய வீட்டுப் பெண்கள் பாவம், இன்னொருவர் வாசலில்!

போன வாரம் கோடி வீட்டு மாமி வந்தாள். அப்பளம் கொடுக்க வந்தவள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நான் அர்த்தம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆனியிலே அவர் போனார். ஆவணியிலே மாசி வீதிச் சந்து வீட்டைக் கொடுத்தாச்சு" என்றாள். "மொட்டை மாடியிலே நிலாச் சாப்பாடு சாப்பிடுவோம். இப்போ அந்த வழியாப் போனா, எதிர்ச் சாரியிலேயே நடந்துடறேன்."

மாமி அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அன்று மாடிப்படி எத்தனை, கிணற்றில் எந்தப் பக்கம் பாசி என்பது வரைக்கும் சொன்னாள். உள்ளே குக்கர் கத்தியது, நான் எழுந்திருக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "உன் தம்பியை அந்த வீட்டை ஒரு படம் எடுக்கச் சொல்றியா? உள்ளே போக வேண்டாம். தெருவிலேருந்தே எடுத்தால் போதும், மாடி தெரியணும்" என்றாள்.

தம்பியிடம் சொன்னேன். வருகிற பௌர்ணமிக்குப் போவதாக இருக்கிறான். சந்து முனையில் எரிகிற தெருவிளக்கை என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறான்.