வனாந்தரத்தில் நமக்குக் கண்கள்



சீனாய் மலையென்று பாரம்பரியமாகக் கருதப்படும் ஜெபல் மூசா, எகிப்தில் 2285 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டின் புனித கத்தரீன் மடம் உள்ளது. அங்கிருந்து சிகரத்திற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று வளைந்து ஏறும் ஒட்டகப் பாதை. மற்றது கல்லால் அமைந்த ஏறத்தாழ 3750 படிகள். ஒட்டகப் பாதையில் செல்வோரும் கடைசி 750 படிகளை நடந்தே ஏறவேண்டும்.

வசந்தகாலம் அம்மலையேற்றத்திற்கு இனிய காலம். ஆயினும் வழி என்றும் ஒரேவிதமாய் இராது. மார்ச் மாத அதிகாலையில் நிழல் விழும் படிகளில் பனி உறைந்திருக்கலாம். கம்சின் என்னும் வெப்பக்காற்று மணலை எழுப்பிப் பார்வையை மறைக்கும். எங்கோ பெய்த மழை, வறண்ட பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாய்ப் பாய்ந்து சாலையை அரித்துவிடும். ஆகவே யாத்திரிகர் அந்நிலத்தை அறிந்த பெதூயின் வழிகாட்டியோடு ஏறுகிறார்கள்.

இஸ்ரவேலர் சீனாயைவிட்டுப் புறப்பட்டதும் வசந்தகாலத்தில்தான். இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் இருபதாம் தேதியில் மேகம் எழும்பியதென்று எண்ணாகமம் 10ஆம் அதிகாரம் கூறுகிறது. அதே அதிகாரத்தில் மோசே, மீதியானியனாகிய ஓபாபைத் தங்களோடு வரும்படி வேண்டுகிறார். பாளயமிறங்கத் தகுந்த இடங்களை அறிந்த அவர் தங்களுக்குக் கண்களாயிருக்க வேண்டுமென்கிறார். ஓபாப் மறுத்தபோதும் மோசே விடவில்லை.

மேகம் முன்செல்கையில் மனிதனுடைய கண்கள் எதற்கு? மேகத்தைத் தந்த தேவனே, அந்த வனாந்தரத்தை அறிந்த மனிதனையும் அருகில் வைத்திருந்தார். மோசே இரண்டையும் அவர் கரத்திலிருந்து பெற்றுக்கொண்டார்.

நாமோ, "ஜெபித்துவிட்டேன்" என்று சொல்லி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னவரை விசுவாசமற்றவர் என்கிறோம். அவர் நம் சபையைச் சேராதவரானால் அவர் சொல்லுக்குச் செவிகொடுப்பதே இல்லை. ஓபாபும் இஸ்ரவேலன் அல்லவே! அவரை அழைத்ததனால் மோசேயின் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

இவ்வாரம் நீங்கள் ஒரு தீர்மானத்தின் முன்னே நிற்கலாம். முழங்காற்படியிடுங்கள். பின்பு எழுந்து, அவ்வழியை நன்கறிந்த ஒருவரிடம் சென்று கேளுங்கள். அதற்காக வெட்கப்படாதிருங்கள்.

கர்த்தாவே, நீர் அருகில் வைத்திருக்கும் ஓபாபை அடையாளங்காணும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். ஆமென்.