“தூக்கில் போடணும், சார்!”

திருவதிகைக்கு நான் போனது கோயிலைப் பார்க்க அல்ல, அக்காவைப் பார்க்க. அக்கா வீட்டுக்காரருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் உத்தியோகம். அங்கேயே குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு சௌகரியமாக இருக்கலாம். ஆனால் தகப்பனார் கட்டிய வீட்டை விட மனமில்லாமல் தினமும் போய்த் திரும்புகிறார். இதைப் பிடிவாதம் என்பாள் அக்கா. பற்று என்பார் மாமா. நமக்கு எதற்கு அந்த வழக்கு!

2025 பிப்ரவரி மாதம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், காலாற நடந்து கோயில் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனேன். பத்திரிகைக்காரனுக்கு டீக்கடை இரண்டாவது ஆபீஸ் அல்லவா? அன்று எல்லாப் பேப்பரிலும் ஒரே செய்தி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 13 வயது மாணவியை மூன்று ஆசிரியர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு, மூவரும் கைது.

“தூக்கில் போடணும், சார்!” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். சொன்ன வேகத்தில் டீ ஒரு சாண் கூடுதலாகவே நீண்டது.

“தூக்கு எதுக்கு? கோர்ட்டு, அப்பீல்னு இருபது வருஷம் இழுப்பான். நிக்க வச்சு சுட்டுத் தள்ளணும்” என்றார் பெஞ்சிலிருந்த பெரியவர். அந்தக் காலத்துக் குமாஸ்தா போல் தோற்றம். கையெழுத்துக்கூட அழகாக இருக்கும் என்று தோன்றியது.

மூன்றாமவர் முந்திரி வியாபாரி. அவர் விதித்த தண்டனையை இந்தப் பத்திரிகையில் அச்சேற்ற எங்கள் எடிட்டர் ஒரு நாளும் சம்மதிக்கமாட்டார். மஃப்ளர் சுற்றிய இன்னொருவர் ஓரமாக நின்று, எதுவும் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நானும் தலையாட்டினேன். அக்கா பெண்ணும் எட்டாவது படிக்கிறாள். தலை தானாகவே ஆடியது.

அப்போதுதான் முந்திரி வியாபாரி சொன்னார்: “நம்ம பக்கம் அந்த அளவுக்கு மோசமில்லே, சார். ஒரு வாத்தியார் மேல ரெண்டு பொண்ணுங்க ஏதோ சொல்லிச்சு. பெரியவங்க நாலு பேர் போய்ப் பேசி, மாத்தல் வாங்கிக் கொடுத்துக் கமுக்கமா அனுப்பிட்டோம். நல்ல மனுஷன். வருஷா வருஷம் நூத்துக்கு நூறு ரிசல்ட் காட்டினவர்.”

“பொம்பளைப் புள்ளைங்க பேரு கெட்டுடக் கூடாது பாருங்க” என்று ஒத்து ஊதினார் பெரியவர்.

டம்ளரில் டீ இன்னும் ஆறவில்லை. தூக்குத் தண்டனை கொடுத்த அதே வாய், அதே பெஞ்சு! கேட்ட எனக்குத்தான் டீ கசந்தது.

எழுந்து கோயிலுக்குள் போனேன். சிவபெருமான் வீரச் செயல் புரிந்த எட்டு வீரட்டானத் தலங்களில் திருவதிகையும் ஒன்று. மூன்று கோட்டைகளையும் சிரித்தே எரித்த இடம் இது என்பார்கள். தீமை ஒரே நொடியில் சாம்பலாவது போன்ற திருப்தி வேறு எதில் உண்டு? டீக்கடைக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தலபுராணமே அப்படி!

ஆனால் மனிதர்கள் தீ வைத்தால் கதை வேறாக முடிகிறது. பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கனியாமூர்ப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவி ஒருவர் 2022 ஜூலை 13 அன்று இறந்தார். என்ன நடந்தது என்று விசாரணை முடியுமுன் செல்போன்களில் ஆளுக்கொரு கதை பறந்தது. நான்காம் நாள், ஜூலை 17-ல், பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பஸ்கள் எரிந்தன. அங்கே படித்த மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. அடுத்த மாதம் ஜாமீன் கொடுத்த சென்னை உயர்நீதிமன்றம், பாலியல் பலாத்காரத்துக்கோ கொலைக்கோ ஆதாரம் இல்லை என்று சொன்னது. மகளை இழந்த பெற்றோரின் துக்கத்தை அந்தத் தீ ஒரு பிடியாவது குறைத்திருக்குமா?

கிருஷ்ணகிரி விஷயம் வெளியே வந்த விதத்தையும் பாருங்கள். அந்தப் பெண் பல நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தலைமை ஆசிரியர் வீடு தேடிப் போய் விசாரித்தார். அதன் பிறகுதான் புகார், போலீஸ், கைது எல்லாம். ஒருவர் நடந்துபோய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். பேப்பரில் அதற்கு இரண்டு வரிகூட இல்லை.

மத்தியானம் வீட்டில் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். டீக்கடைப் பேச்சை அவளிடம் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. “மாற்றல் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம்” என்று நான் முடித்தபோது நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் எழுதுகிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. அக்காவின் அனுமதியோடுதான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அக்கா எட்டாவது, நான் நான்காவது. கணக்கு வாத்தியார் வீட்டுக்கு அவள் டியூஷன் போவாள். திடீரென்று ஒரு நாள் போகமாட்டேன் என்றாள். அப்பா அடித்தார். அழுதாள்; போகவில்லை. பிறகு அம்மாவுக்கு ஏதோ தெரிந்தது. அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். மூன்றே மாதத்தில் வாத்தியாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அப்பா பெருமூச்சு விட்டார்.

வாத்தியாருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. மாலை போட்டார்கள், காராபூந்தி கொடுத்தார்கள். கணீரென்று வாசிப்பவன் என்பதால் வாழ்த்து மடலை வாசிக்க என்னை நிறுத்தினார்கள். ஒன்பது வயது. ஒரு பிழையில்லாமல் வாசித்தேன். வாத்தியார் என் தலையைத் தடவி ஒரு பேனா கொடுத்தார். அந்தப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் காட்டியது அக்காவிடம்தான்.

அந்த வருஷத்தோடு அக்காவின் படிப்பு நின்றது. தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். நான் காலேஜில் படிக்கும்போது அம்மா வாய்தவறி விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகும் நானோ அக்காவோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“தூக்கில போடணும்னு சொன்னாங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“ஆமாம். தூக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, அக்கா. குழந்தைகளைப் பாதுகாக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவனே குழந்தையை வன்கொடுமை செய்தால் குறைந்தது 20 வருஷம். மரண தண்டனைகூட விதிக்கலாம்.”

“அப்புறம் என்ன குறை?”

என்ன குறை என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் சொன்னேன். அதே சட்டத்தில் 19-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரிந்தால், யாராக இருந்தாலும் போலீசிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிர்வாகத்தில் இருப்பவர் தம் கீழே வேலை செய்பவனைக் காட்டிக்கொடுக்காமல் விட்டால் ஒரு வருஷம் வரை. 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு பள்ளி முதல்வரே இப்படித் தெரிந்தும் மறைத்தார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். பெண் பிள்ளையின் பேர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் வழி உண்டு. பேரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம். வாங்க வரும் போலீஸ் அதிகாரி யூனிஃபார்மில் வரக் கூடாது.

மாற்றல் வைத்தியம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இதற்குக் ‘குப்பையைக் கைமாற்றுவது’ என்றே ஒரு கேலிப் பெயர் உண்டு. இப்படிப்பட்ட ஆசாமிக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க உதவக் கூடாது என்று 2015-ல் அங்கே மத்திய சட்டத்திலேயே எழுதினார்கள்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்போ இந்தச் சட்டம் இருந்திருந்தா, அப்பாவும் ஜெயிலுக்குப் போயிருப்பாரா?”

“சட்டப்படி பார்த்தால்...” என்று இழுத்தேன்.

“சொல்லாம இருந்த புள்ளைக்கு?”

“குழந்தைக்குத் தண்டனை கிடையாது. அதையும் எழுதியிருக்கிறார்கள்.”

அக்கா சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். “இந்த ஊர்ல திலகவதியார் கதை தெரியுமில்ல? தம்பிக்குச் சூலை நோய். எந்த வைத்தியமும் பலிக்கல்லே. ராத்திரியோட ராத்திரியா அக்காகிட்ட ஓடி வந்தார். அக்கா கேட்டாங்க. எனக்கு ஓடிப் போறதுக்கு யாருடா இருந்தா? நீ பேனாவைக் காட்டிக்கிட்டு நின்னே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உன்னைக் குத்தம் சொல்லலேடா, உனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் மனசுல அறுத்துக்கிட்டே இருக்கும். அவரை மாத்தி விட்டாங்களே, அந்த ஊர்ல பொண்ணுங்க படிக்கலியா? அதுங்களைப் பத்தி நம்ம வீட்ல ஒருத்தராவது நினைச்சாங்களா?”

சாயங்காலம் அக்கா பெண் வந்தாள். பையைக் கீழே வைக்குமுன் அக்கா கேட்டாள்: “இன்னிக்கு உன் மனசு கஷ்டப்படற மாதிரி யாராவது நடந்துக்கிட்டாங்களா?”

“போம்மா, தினமும் இதே கேள்வி! அறிவியல் டீச்சர் இன்னிக்கும் டெஸ்ட் வச்சாங்க. அதுதான் கஷ்டம். பசிக்குது” என்று உள்ளே ஓடினாள்.

மறுநாள் காலையில் மறுபடியும் டீக்கடைக்குப் போனேன். அதே பெஞ்சு, அதே முகங்கள்.

“பத்திரிகையில போடுங்க, சார், தூக்குத்தான் சரின்னு” என்றார் டீக்கடைக்காரர்.

“போடுகிறேன். நேற்று சொன்னீர்களே, அந்த வாத்தியார் இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறார்?” என்று கேட்டேன்.

முந்திரி வியாபாரி வாட்சைப் பார்த்தார். பெரியவர் பேப்பரை மடித்தார். “அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம், சார். பேரு எதுக்கு?” என்றார் டீக்கடைக்காரர், டம்ளரைத் தேவைக்கு மேல் அழுத்திக் கழுவியபடி. எவ்வளவு கேட்டும் பயனில்லை. காசு கொடுக்கப்போனால், வாங்கவும் மறுத்துவிட்டார்.

ஊருக்குக் கிளம்பப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். யாரோ முழங்கையைத் தொட்டார்கள். டீக்கடையில் பேசாமல் நின்ற அந்த மஃப்ளர்காரர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பள்ளியின் பேரைச் சொன்னார். திருத்தமாக இன்னொரு முறையும் சொன்னார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த ரெண்டுல ஒண்ணு என் தம்பி பொண்ணு, சார்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டுமுன் 1098-க்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. பள்ளியின் பேரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

“நீங்க யார், சார்? அந்தக் குழந்தைக்கு உறவா?” என்று கேட்டாள்.

என் பேரைச் சொன்னேன்.